சிங்கம் எழுந்து நின்ற செவ்வாய்க்கிழமை

சிங்கத்துக்கு மரியாதை தெரியாது என்பது விலங்கியல். தெரிந்தாக வேண்டும் என்பது ராவ்பகதூர் வரதராஜுலுவின் கட்டளை. அவர் வெள்ளைக்காரர் காலத்து நகரசபைச் சேர்மன். அவரைக் கண்டால் ஊரே எழுந்து நிற்கும். மிருகக்காட்சிசாலைச் சிங்கம் மட்டும் படுத்தபடி கொட்டாவி விட்டது.

பறவைக் கூண்டு கழுவும் வேலையில் சேர்ந்து, அந்தக் காட்சிசாலையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்தவர் அருமைநாயகம். பதவி இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் சேர்மன்.

“ஓய் அருமைநாயகம், அடுத்த வாரம் விருந்தாளிகளோடு வருவேன். உம் சிங்கம் எனக்கு எழுந்து நிற்கவேண்டும். இல்லையென்றால் நீர் பழையபடி கூண்டு கழுவப் போகலாம்.”

“ஆகட்டும் ஐயா. செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு வாருங்கள்.”

செவ்வாயன்று சேர்மன் வந்தார். சிங்கம் துள்ளி எழுந்தது, கர்ஜித்தது, கம்பியோரமாக அவர் கூடவே நடந்தது. பூரித்துப்போன சேர்மன் அங்கேயே, எல்லார் முன்னிலையிலும், நியமன உத்தரவில் கையெழுத்திட்டார்.

“எப்படி ஐயா இதைப் பழக்கினீர்?” என்று ஒரு விருந்தாளி வியந்தார்.

“நான் பழக்கவில்லை. வயிறு கெடாமலிருக்கத் திங்கட்கிழமைதோறும் சிங்கத்தைப் பட்டினி போடுவது எங்கள் வழக்கம். மறுநாள் நாலு மணிக்குத்தான் இறைச்சி வரும். அந்நேரம் யார் வந்தாலும் எழுந்துவிடும்.”

சேர்மன் முகம் சிவந்தது. “அப்படியானால் அது மரியாதை இல்லை, வெறும் பசியா?”

“நகரசபையில் எழுந்து நிற்பவர்களிடம் நாம் அதை விசாரிப்பதில்லையே ஐயா” என்றார் அருமைநாயகம்.