தட்டு வராத சனிக்கிழமை

ஒரு ஊர்ல ஒரு கேரம் போர்டு இருந்துச்சாம். காலை ஆட்டாத, போர்வைக்குள்ள வை. என்னது, ராஜா கதை வேணுமா? இதுலயும் ஒரு ராஜா உண்டு கண்ணு, கிரீடம்தான் இல்ல. அவரு பேரு கோதண்டம். பகல்ல ஒரு லாரி ஆபீஸ்ல நாற்காலிய தேய்ச்சிட்டு இருப்பாரு, சாயங்காலமானா வீட்ல பாயைத் தேய்ப்பாரு. அவ்ளோதான் அவரு பண்ற வேலை.

அந்த ராஜாவுக்கு ஒரு பொண்டாட்டி. பேரு பூங்காவனம். அந்த கேரம் போர்டு யாருதுன்னு நினைக்கிற? அவளோடது. கல்யாணத்துக்கு அவங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது. பீரோ வேணாம், கட்டில் வேணாம், போர்டு குடுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தா. அப்படி ஆடுவா அவ. விரலை மடக்கி ஸ்ட்ரைக்கரை ஒரு சுண்டு சுண்டினா, டொக், காய் எங்க போச்சுன்னு குழியைத்தான் கேக்கணும். ம் சொல்லு. ம், அப்படித்தான்.

அப்புறம் என்ன ஆச்சு? வந்த மாசமே போர்டு ராஜா கைக்குப் போச்சு, கரண்டி இவ கைக்கு வந்துச்சு. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் கோதண்டத்தோட சிநேகிதங்க ரெண்டு பேரு வருவாங்க. ஒருத்தரு இருசப்பன், எதிர்வீடு. இன்னொருத்தரு மாசிலாமணி, தெருக்கோடில ஸ்டூடியோ வெச்சிருந்தாரு. மூணு பேரும் ஆடுவாங்க. ஒருத்தரோட ஒருத்தரு, தோத்தவன் எழுந்திரிக்கணும், ஜெயிச்சவன் உக்காந்தே இருக்கணும். நல்ல சட்டம்தான். ஆனா ராஜா அதுக்கு ஒரு வாலு ஒட்ட வெச்சிருந்தாரு. தட்டு வந்தா ஆட்டம் நிக்கணுமாம். சாப்பாட்டுக்கு மரியாதை குடுக்கணுமாம். நின்ன ஆட்டம் வீட்டுக்காரர் ஜெயிச்சதா கணக்காம்.

சிரிக்கிறியா? சிரி. அந்த ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரலையே. சூடா வடை வாயில இருக்கும்போது யாரு கண்ணு நியாயம் பேசுவாங்க?

அதனால கோதண்டம் உக்காந்த இடத்துல உக்காந்தபடியே இருந்தாரு. வருஷக்கணக்கா. அந்த மூலைல பாயே குழிஞ்சு போச்சு. ஆபீஸ்ல, டீக்கடைல, கல்யாண வீட்ல, எங்க போனாலும், கேரம்ல நம்மள எழுப்ப இன்னும் ஒருத்தன் பொறக்கலன்னு பேசுவாரு. மீசை கூட அந்தப் பேச்சுக்காக வெச்சதுதான்.

அடுப்படில பூங்காவனம் என்ன பண்ணிட்டு இருந்தா? சொய்ங்... சொய்ங்... வடை. அது முடிஞ்சா பஜ்ஜி. அது முடிஞ்சா, இன்னும் ரெண்டு அப்பளம் பொரிச்சா என்னன்னு ஒரு குரல். எண்ணெய்ப் புகை கண்ணுல, வேர்வை கழுத்துல. வெளில டொக் டொக்னு சத்தம் கேக்கும்போதெல்லாம் இவ விரலு தானா மடங்கும். மடங்கி என்ன, கைல மாவு.

தின்னுட்டு அந்த மூணு வீரனுங்களும் என்ன பண்ணுவானுங்க தெரியுமா? அதே எண்ணெய்க் கையோட போர்டைத் தொடுவானுங்க. பவுடரும் எண்ணெயும் சேந்து பிசுபிசுன்னு ஆயிடும். ஸ்ட்ரைக்கரு பாதி தூரம் போயி, எனக்கு முடியலன்னு நின்னுடும். அப்புறம் ஆட்டம் எங்க? இருசப்பன் ஏவ்வ்னு ஒரு ஏப்பம். மாசிலாமணி நெஞ்சைத் தடவிட்டு, கரிக்குது கோதண்டம்னு ஒரு புலம்பல். கரிச்சாலும் கடைசி பஜ்ஜிய விடமாட்டாரு. ராஜா சுவத்துல சாஞ்சு கொர்ர்ர். ஆட வந்தவங்க லட்சணம் அது.

பூங்காவனத்துக்கு ஒரே ஒரு ஆசைதான் கண்ணு. அவ போர்டுல, அவ ஒரு முழு ஆட்டம் ஆடணும். தொடங்கி முடிக்கணும். அவ்ளோதான். நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா?

ஒரு நாள் வாய விட்டே கேட்டுட்டா. நானும் ஒரு ஆட்டம் உக்காரட்டுமான்னு. அப்போ கோதண்டம் தலையைக் கூடத் தூக்கல. 

“நீ உக்காந்தா வடையை யாரு போடறது?”

இவ அடுப்படிக்குப் போயி யோசிச்சா. சரி, வடைதான் தடைன்னா, என்னை நிக்க வெக்காத பலகாரமாப் பண்ணிட்டா? அவங்க வயித்துக்கும் நல்லது, என் காலுக்கும் நல்லது. யோசனை நல்லாத்தான் இருந்துச்சு. தூங்கிட்டியா? ம்... சரி.

அடுத்த சனிக்கிழமை, போன் வீடியோல ஒரு அம்மா சொல்லிக் குடுத்ததைப் பாத்து ஓட்ஸ் கட்லெட் பண்ணினா. பத்தே நிமிஷம், ஈஸி, ஹெல்த்தின்னு அந்தம்மா பட்டுப்புடவை கசங்காம சிரிச்சுட்டே சொல்றா. ஏன் சொல்லமாட்டா, கேரட்டைத் துருவி வெச்சது யாரோ, பாத்திரம் தேய்க்கப் போறது யாரோ. இவ மத்தியானத்துல இருந்து துருவுறா, பிசையறா, தட்டறா, ஒவ்வொண்ணா தோசைக்கல்லுல புரட்டறா. வடையே தேவலாம்னு ஆயிடுச்சு. கொண்டு போயி வெச்சா. இருசப்பன் ஒரு கடி கடிச்சாரு. கடிச்சது அப்படியே வாயில நின்னுச்சு. மாசிலாமணி, தங்கச்சி, இது எதுக்கு, ஆட்டத்துக்கா, போர்டு காலுக்கு அடில முட்டுக் குடுக்கவான்னு கேட்டாரு. மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல போர்டே ஆடுச்சு. அப்புறம் என்ன, மறுபடி சொய்ங்... சொய்ங்... வடைதான்.

ரெண்டாவது சனிக்கிழமை, அவ்வளவு மெனக்கெட வேணாம்னு வேர்க்கடலைய ஓட்டோட உப்புப் போட்டு வேக வெச்சா. குக்கரு உஸ்ஸ்ஸுனு கத்துச்சு, வேலை முடிஞ்சுது. எண்ணெய் இல்ல, பிசுக்கு இல்ல. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே கூடையோட கொண்டுபோய் வெச்சுட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, உக்காரப் போனா.

உக்காந்தாளா? எங்க உக்காந்தா. அந்த மூணு பெரிய மனுஷனுங்களும் கடலைய மொச்சு மொச்சுனு தின்னுட்டு ஓட்டை எங்க போட்டானுங்கன்னு நினைக்கிற? போர்டு குழில! நாலு குழியும் கடலைத் தொலி. காயி உள்ள விழமாட்டேங்குது, தொலி மேல குந்தி எட்டிப் பாக்குது. பூங்காவனம், இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிடுன்னு ஒரு உத்தரவு வேற. வெக்கம்னு ஒண்ணு கடைல வித்தா இவங்களுக்குக் கிலோக் கணக்குல வாங்கிக் குடுக்கலாம்.

அவ குனிஞ்சு குழியைக் கிளறிட்டே போர்டைப் பாத்தா. இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் பக்கத்துல இருந்து பாக்கறா. மாசிலாமணிக்குக் கருப்பு ஒண்ணே ஒண்ணு பாக்கி, அதுவும் குழி வாயில நிக்குது. கோதண்டத்தோட வெள்ளை பாதிக்கு மேல போர்டுலயே மேஞ்சுட்டு இருக்கு. அப்போ கோதண்டம் சத்தமா சொல்றாரு, கடலை வயித்துல நிக்கல, நாலு வடை போட்டு எடுத்துட்டு வான்னு.

அப்போதான் கண்ணு அவளுக்குப் பொறி தட்டுச்சு. இந்த மனுஷனுக்குப் பசியே இல்ல. தோக்கறப்போ எல்லாம் தட்டைக் கூப்பிடறாரு. தட்டு வந்தா ஆட்டம் நின்னுடும், நின்னா இவரு ராஜா. இத்தனை வருஷம் அவரு ஆடி ஜெயிக்கல, இவ வேர்வைல ஜெயிச்சாரு. இவ சுட்ட ஒவ்வொரு வடையும் அவரைத் தூக்கி உக்கார வெச்சிருக்கு. அவளுக்கு அழுகை வந்துச்சு, அப்புறம் அழுகைய விடப் பெரிசா கோவம் வந்துச்சு. ஆனா அன்னிக்கும் வடை போட்டுக் குடுத்தா.

மூணாவது சனிக்கிழமை வந்துச்சு. இப்போ நல்லாக் கேளு.

ராத்திரியே கொண்டக்கடலைய ஊற வெச்சிருந்தா. காலைல வேக வெச்சு, தேங்காயும் மாங்காயும் போட்டு சுண்டல். பொரில வெங்காயம், கேரட், கொத்தமல்லி எல்லாம் தனித்தனியாக் கிண்ணத்துல, கடைசி நிமிஷம் கலந்தா மொறுமொறுன்னு இருக்கும். வெள்ளரிக்காயும் கொய்யாவும் நீள நீளமா வெட்டி, ஓரத்துல மிளகாய்த்தூள் உப்பு. வயிறு நிறைய வேணும்னா அவலை ஊற வெச்சு, தயிர் ஊத்தி, கடுகு தாளிச்சு, மேல மாதுளை முத்து. ஒரு பானை நீர்மோர், பக்கத்துல டம்ளரு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன். கையே படவேணாம்.

எல்லாத்தையும் ஒரு முக்காலி மேல, போர்டுக்குப் பக்கத்துல, அவங்க வர்றதுக்கு முன்னாடியே வெச்சுட்டா. அப்புறம் அடுப்படிக்குப் போயி கேஸை மூடினா. லைட்டை அணைச்சா. டக்.

ரெண்டு பேரும் வந்தாங்க. இருசப்பன் சுண்டல் ஒரு வாய் போட்டாரு, இன்னொரு வாய் போட்டாரு. மாசிலாமணி மோரைக் குடிச்சுட்டு, நெஞ்சுக்கு எவ்ளோ இதமா இருக்குன்னு அவரே அவருக்குச் சொல்லிக்கிட்டாரு. அப்போ பூங்காவனம் புருஷனுக்கு எதிர்ல போயி சம்மணம் போட்டு உக்காந்தா. 

கோதண்டம் பேந்தப் பேந்த முழிச்சாரு. வடைன்னு வாயெடுத்தாரு. 

“பலகாரம்தான் முன்னாடியே வந்தாச்சே. நீங்க ஆடுங்க.”

சிநேகிதங்க முன்னாடி பொம்பளைக்குப் பயந்தவன்னு பேரு வரக் கூடாதே. சரி வா, ரெண்டு நிமிஷத்துல எழுப்பி விடறேன்னாரு. மீசையைத் தடவிக்கிட்டாரு.

பவுடரு அன்னிக்குத்தான் பவுடரா இருந்துச்சு. அவ துடைச்சு வெச்ச போர்டு சும்மா கண்ணாடி. ஸ்ட்ரைக்கரு சர்ர்ருனு போகுது. எண்ணெய்ப் பிசுக்குல இத்தனை நாளு ஒளிஞ்சிருந்த ராஜாவோட கைவரிசை அன்னிக்கு வெளில வந்துச்சு. குறி வலது பக்கம், காயி இடது பக்கம். ஸ்ட்ரைக்கரே குழில விழுந்து ஃபைன், மறுபடி ஃபைன். இருசப்பன் வாயில சுண்டல் இருந்தும் சிரிச்சுட்டாரு.

பூங்காவனம் அவசரப்படல. டொக், ஒரு கருப்பு. டொக், இன்னொரு கருப்பு. அப்புறம் ரெட்டு. சிவப்புக் காயி நடுவுல இருந்து கிளம்பி, நேரா மூலைக்குப் போச்சு. அதுக்குப் பின்னாடியே ஒரு கருப்பையும் தள்ளி ஃபாலோவும் போட்டா. மாசிலாமணி எழுந்து நின்னுட்டாரு. ம் சொல்லு கண்ணு, இந்த இடத்துல தூங்கினா எனக்குக் கோவம் வரும்.

கடைசில அவளுக்கு ஒரே ஒரு கருப்பு பாக்கி. அவருக்கு? வெள்ளை மந்தை மந்தையா. அடுத்த அடி அவருது. அவரு போர்டைப் பாத்தாரு, முக்காலியப் பாத்தாரு. நெத்தில வேர்வை. பழக்கம் விடுமா? வருஷக்கணக்காக் கத்தின வாயி, கண்ணைப் போர்டுல இருந்து எடுக்காமலே அடுப்படிக்குக் கேக்கற மாதிரி கத்துச்சு. 

“ஏ பூங்காவனம், வடை எடுத்துட்டு வா!”

அடுப்படி இருட்டா இருந்துச்சு. ஒரு சத்தமும் வரல. குழாய்ல சொட்டு... சொட்டு... அவ்ளோதான். சிநேகிதங்க ரெண்டு பேரும் அவரு மூஞ்சியப் பாத்தாங்க. இத்தனை வருஷம் தின்ன வடை ஒவ்வொண்ணும் எதுக்கு வந்துச்சுன்னு அவங்களுக்கு அந்த நிமிஷம் புரிஞ்சுது. 

எதிர்ல உக்காந்திருந்தவ மெதுவாச் சொன்னா, “அடுப்படில யாரும் இல்லீங்க. ஆடுங்க.”

ஆடினாரு. ஸ்ட்ரைக்கரு காயைத் தொடாமலே திரும்பி வந்துச்சு. அப்புறம் அவ ஆடினா. டொக். கருப்பு உள்ள.

தோத்தவங்க எழுந்திரிக்கணும், சட்டம் அவருதுதானே. எழுந்தாரு. முட்டி மடக்குனு ஒரு சத்தம் போட்டுச்சு, எழுந்து பழக்கமே இல்லையே. அந்தக் குழிஞ்ச பாயில இருசப்பன் வந்து உக்காந்து காயை அடுக்க ஆரம்பிச்சாரு. ராஜாவுக்கு எங்க போறதுன்னு தெரியல. தண்ணி குடிக்கற மாதிரி அடுப்படிக்குள்ள போனாரு. இருட்டுல சுவத்தைத் தடவறாரு, தடவறாரு. டப்பா உருளுது, கரண்டி ணங்குன்னு விழுது. அப்புறம் உள்ள இருந்து ஒரு குரல் வந்துச்சு. ரொம்பச் சின்னக் குரல். 

“லைட்டு சுவிச்சு எங்க இருக்கு?”

குடியிருந்தது எத்தனை வருஷம், பாரு. அவரு வீட்டு அடுப்படி சுவிச்சு எங்க இருக்குன்னு ராஜாவுக்குத் தெரியாது.

பூங்காவனம் தலையைத் தூக்கல. விரலை மடக்கி, குறி பாத்துட்டே, “தேடுங்க, கிடைக்கும்”னு சொன்னா. அப்புறம் ஒரு சுண்டு.

டொக்.

அவ்ளோதான் கண்ணு. காயெல்லாம் பைக்குள்ள போயாச்சு, கதையும் கூடவே போயாச்சு. எழுந்து போயி நீயே அந்த லைட்டை அணைச்சுட்டு வா. சுவிச்சு எங்க இருக்குன்னு உனக்காவது தெரியும்ல? ம். இப்போ தூங்கு.