பலகையைக் கட்டிய சங்கிலி

அந்தக் கோடையில் காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. குளத்துக்குப் போகும் பாதை நரியின் வெள்ளரித் தோட்டத்தை ஒட்டிப் போனது. தோட்டத்துக்குக் காவலாக நரி ஒரு நாயை வளர்த்தது. அதன் பெயர் செவலை.

செவலைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் தணிந்ததும் அதற்கே வெட்கமாக இருக்கும். என்ன பயன்? ஒருமுறை முயலின் காதைக் கடித்துக் குதறிவிட்டது. அன்றிலிருந்து நரி அதைச் சங்கிலியில் கட்டி வைத்தது.

ஆனால் தினமும் கட்டுவதும் அவிழ்ப்பதும் நரிக்கு அலுத்துவிட்டது. ஒரு பலகையை எடுத்து, "நாய் ஜாக்கிரதை" என்று பெரிதாக எழுதியது. அதை மரத்தில் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. தேடவும் சோம்பல். செவலையின் சங்கிலியைக் கழற்றி, பலகையைப் புளியமரத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டது.

"ஐயா, அப்போ என்னை எதுல கட்டுவீங்க? எனக்குக் கோபம் வந்தா நான் நானா இருக்க மாட்டேனே!" என்றது செவலை.

"அதுதான் பலகை இருக்கே! இனிமே நீ யாரைக் கடிச்சாலும் அது அவங்க பாடு!" என்றது நரி.

மறுநாள் மான் தன் குட்டியோடு தண்ணீருக்கு வந்தது. பலகையைப் படித்தது. சங்கிலியையும் பார்த்தது. சங்கிலி இருந்தால் நாயும் கட்டித்தானே இருக்கும்? அந்த நம்பிக்கையில் இரண்டடி வைத்தது. செவலை பாய்ந்து வந்து பின்னங்காலைக் கவ்வியது!

குட்டி தப்பியது. மானால் நடக்க முடியவில்லை. அம்மா வராமல் குட்டியும் குளத்துக்குப் போகாது. தாகத்தில் அது கத்திய கத்தல் யானையின் காதுவரை எட்டியது.

யானைதான் காட்டுக்கு நீதிபதி. கோடை தொடங்கியதிலிருந்து சண்டை தீர்த்துத் தீர்த்து அது ஓய்ந்து போயிருந்தது. கத்தல் கேட்டு அங்கே வந்து, மரத்தில் சாய்ந்தபடியே நரியை விசாரித்தது.

"பலகையைப் பார்த்துட்டுத்தானே வந்தாள்? தப்பு அவள் மேலதான்!" என்றது நரி.

"குளத்துக்கு வேற வழி இருந்தா சொல்லுங்களேன்!" என்று மான் அழுதது.

யானை பெருமூச்சு விட்டது. "நரியே, உன் நாய் கடிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? தெரிஞ்சதாலதானே பலகையே மாட்டினேன்!" என்று நரி மார் தட்டியது.

"அப்படியானால் வழக்கு முடிஞ்சது. தெரியாதுன்னு நீ இனிமே சொல்ல முடியாது. உன் கையாலேயே எழுதி மாட்டியிருக்கே. ஓடாத பலகையைச் சங்கிலி போட்டுக் கட்டினே. ஓடிக் கடிக்கிற நாயை அவிழ்த்துவிட்டே! மான் கால் ஆறுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் நீதான் தண்ணி சுமக்கணும்."

நரி புளியமரத்திலிருந்து சங்கிலியை அவிழ்த்தது.

சங்கிலி செவலையின் கழுத்துக்கே திரும்பியது. "அப்பாடா!" என்று அது நிழலில் சுருண்டு படுத்தது. கொளுத்தும் வெயிலில் நரி சுரைக்குடுக்கையைச் சுமந்து மூச்சிரைக்க நடந்தது. குட்டி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும்!" என்றது.

ஆபத்து இருக்கிறது என்று ஊருக்கு அறிவித்துவிட்டால் போதாது. அதைக் கட்டி வைப்பதும் வளர்த்தவன் பொறுப்பே.