அண்டாவில் யார் பேர்?

முன்னொரு காலத்தில், மழை பொய்த்துப்போன ஒரு நாட்டில், செங்கோடன் என்ற அரண்மனை விகடகவி ஊர் நடுவே கஞ்சித் தொட்டி ஒன்று தொடங்கினான். செல்வர்கள் அரிசி அனுப்பினார்கள். அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு அண்டா வாங்கித் தந்து, விளிம்பில் தங்கள் பேரைப் பொறித்தார்கள். ஒருவர் பேரைவிட அடுத்தவர் பேர் பெரிது.

அமைச்சர் ஆனந்தராயர் ஒரு பிடி அரிசியும் கொடுக்கவில்லை. செங்கோடன் பேர் ஊரெல்லாம் அடிபடுவது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அரசே, ஒருவர் புகழுக்குக் கொடுக்கிறார். ஒருவர் பாவம் தொலையக் கொடுக்கிறார். இன்னொருவர் சம்பந்திக்குப் போட்டியாகக் கொடுக்கிறார். இதுவும் தர்மமா?" என்று தூபம் போட்டார்.

அரசருக்கு உடனே வேகம் பிறந்துவிட்டது. "தூய மனத்தோடு கொடுக்காத ஒரு மணி அரிசியும் இனி நம் நாட்டில் உலையேறக் கூடாது! பிரித்தறிவது செங்கோடன் பொறுப்பு. தவறினால் நாடு கடத்துவோம்!"

மறுநாள் கஞ்சித் தொட்டியில் அடுப்பு எரியவில்லை. வாசலில் காலிப் பாத்திரங்களோடு நின்றவர்களைப் பார்த்துச் செங்கோடனுக்கு வயிறு எரிந்தது. நேராக அரண்மனை மடைப்பள்ளிக்குப் போய் அங்கேயும் அடுப்பை அணைத்தான்.

"உணவு எங்கே?" என்றார் அரசர், உச்சிவேளையில்.

"மன்னிக்க வேண்டும், பிரபு. தங்கள் அரிசி குடிகள் வரியாகக் கொடுத்தது. அன்பால் கொடுத்தார்களா, தண்டல்காரருக்குப் பயந்து கொடுத்தார்களா என்று வீடுவீடாக விசாரிக்கிறேன். தங்கள் ஆணையாயிற்றே!"

பொழுது சாய்ந்தது. அரசருக்குக் கண் இருட்டியது. கஞ்சித் தொட்டி அண்டாவின் அடியில் மிச்சமிருந்த நேற்றைய கஞ்சியில் ஒரு குவளை கொண்டுவந்து நீட்டினான் செங்கோடன். ஒரே மூச்சில் குடித்து முடித்தார் அரசர்.

"அரிசி புகழுக்குக் கொடுத்ததா, போட்டிக்குக் கொடுத்ததா என்று கேட்கவில்லையே, பிரபு?"

"பசிக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றுமா?"

"வாசலில் நிற்பவர்களுக்கும் தோன்றவில்லை."

அரசர் வெட்கப்பட்டார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அப்போதே ஆணையைத் திரும்பப் பெற்று, தம் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

"இதை விற்றுக் கஞ்சித் தொட்டிக்கு ஓர் அண்டா வாங்கிக்கொள்கிறேன், பிரபு. என் பேர் மட்டும் எல்லார் பேரையும்விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்" என்றான் செங்கோடன், அரசர் பக்கத்தில் நின்ற ஆனந்தராயரை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

ஆனந்தராயருக்கு அன்றிரவு தூக்கம் வருமா? விடிந்ததும் வண்டி வண்டியாக அரிசி வந்தது. கூடவே அவர் பேர் பொறித்த அண்டா ஒன்று. கஞ்சித் தொட்டியின் வாசலுக்குள் நுழையாத அளவுக்குப் பெரியது.

வேடிக்கை பார்க்க வந்த அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செங்கோடன் மட்டும் சிரிக்காமல், வாசலை இடித்து அகலமாக்கச் சொன்னான்.