நூறு கிழங்குச் செயலி

அந்தக் காட்டில் எல்லா மிருகங்களிடமும் கைபேசி இருந்தது. எல்லோருக்கும் ஒரே பயமும் இருந்தது. கோடையில் தண்ணீர் மிஞ்சியது ஒரே ஒரு குளத்தில். அந்தக் குளத்தில்தான் முதலையும் இருந்தது.

"ஒரு செயலி செய்யலாம்!" என்றது மரக்கிளையில் இருந்த கொக்கு. "முதலை கரைப் பக்கம் வந்தா நான் மேலேருந்து பார்த்து பட்டனை அமுக்குறேன். உடனே எல்லார் கைபேசியும் அலறணும். தண்ணி குடிக்கிறவங்க ஓடிடலாம்!"

நல்ல யோசனைதான். காட்டுத் தலைவரான நரி, முள்ளம்பன்றியைத் தேடிப் போனது. முள்ளம்பன்றி யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. தன் வளையில் தனியாக உட்கார்ந்து, கேட்டவர்களுக்குச் செயலி செய்து கொடுத்து, கூலியாகக் கிழங்கு வாங்கும்.

"நூறு கிழங்கு ஆகும்" என்றது முள்ளம்பன்றி.

"நூறா! ஒரு பட்டனுக்கா? பாதிக்குச் செஞ்சு கொடு!"

"முதலைக்குப் பாதிப் பல்தான்னா பாதிக் கூலிக்குச் செய்றேன்!"

"காடு முழுக்க உனக்கு நல்ல பேர் கிடைக்குமே!"

"பேரை அவிச்சுத் தின்ன முடியாது தலைவரே!"

"சரி, நூறே வச்சுக்க. ஆனா திறந்ததும் என் படம் வரணும். அப்புறம் மயிலோட ஆட்டம். குரங்குங்க தாவி விளையாட ஒரு விளையாட்டும் வேணும்."

"முதலை வர்ற நேரத்துல மயில் எதுக்கு? மாட்டேன்! வேற ஆளைப் பாருங்க!"

நரி வேறு ஆளைப் பார்த்தது. வேலி ஓணானுக்குத் தலையாட்டுவது பிறவிக் குணம். பத்துக் கிழங்குக்கு முடியுமா? ஆட்டியது. படம் முதலில் வர வேண்டும். ஆட்டியது. மயிலுக்கும் குரங்குக்கும் சேர்த்தே ஆட்டியது.

"தொண்ணூறு கிழங்கு மிச்சம்!" என்று நரி மார்தட்டியது. காடே கைதட்டியது. கைதட்டியவர்களில் ஒருவர்கூடக் கரையில் நின்று செயலியைச் சோதித்துப் பார்க்கவில்லை. மலிவு என்றதும் கண் மூடிக்கொள்வது காட்டிலும் வழக்கம்தான்.

ஒரு மத்தியானம் பெண்மான் ஒன்று தன் குட்டியோடு தண்ணீர் குடிக்க வந்தது. கொக்கு முதலையைப் பார்த்துவிட்டது. அமுக்கியது. மறுபடியும் அமுக்கியது. மானின் கைபேசியில் நரி பல்லைக் காட்டிச் சிரித்தது. பிறகு மயில் ஆடத் தொடங்கியது. ஆட்டம் முடிந்தால்தான் அலறல் வரும்.

முதலை பாய்ந்தது! மான் குட்டியை முட்டித் தள்ளியது. குட்டி உயிர் தப்பியது. ஆனால் அதன் பின்னங்கால் கிழிந்துபோனது. எல்லாம் முடிந்த பிறகு கைபேசி அலறியது.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்?" என்றது ஓணான். அதுவும் உண்மைதான்.

நரி மறுபடி முள்ளம்பன்றியிடம் ஓடியது. "ஓணான் பாதி முடிச்சிருக்கு. மிச்சத்தை ஐம்பதுக்கு முடிச்சுக் கொடு!"

முள்ளம்பன்றியின் முட்கள் எழுந்து நின்றன. "பாதி முடியல, முழுசும் சிக்காயிருக்கு! சிக்கெடுக்கவே ஐம்பது. அதுக்கு மேல புதுசாச் செய்ய நூறு. ஒரு கிழங்கு குறையாது!"

"அடிபட்ட குட்டி மேல இரக்கமே இல்லையா?"

"அந்தக் குட்டியைக் காட்டியா பேரம் பேசுற? வெக்கமா இல்ல?"

அப்போது மான் அங்கே வந்தது. நொண்டும் குட்டி அதன் பக்கத்தில் நின்றது. மான் கோபத்தோடு நரியின் முன்னால் போய் நின்றது.

"தலைவரே, நீங்க மிச்சம் பிடிச்ச தொண்ணூறு கிழங்கும் என் பிள்ளை கால்லேருந்து எடுத்தது! இனிமே குளத்துக் காவலைப் பத்தி நீங்க பேச வேண்டாம். தண்ணி குடிக்கிற நாங்க பேசிக்கிறோம்!"

மான் கூட்டம் குளம்பாலும் கொம்பாலும் மண்ணைக் கிளறிக் கிழங்கு தோண்டியது. முயல்களும் சேர்ந்துகொண்டன. கூலி முழுதாக வந்தது. செயலியும் சொன்னபடி வந்தது. அதில் படமில்லை, ஆட்டமில்லை, அலறல் மட்டும்தான்.

"ஒரு ஓரமா என் படம் சின்னதா..." என்று நரி இழுத்தது.

"மாட்டேன்!" என்றது முள்ளம்பன்றி.

முதலை அடுத்த முறை தலை தூக்கியதுமே காடே அதிர்ந்தது. எல்லோருக்கும் முன்னால் கரையேறி நின்றது அந்த நொண்டிக் குட்டிதான். முதலை பட்டினி கிடந்தது.

நியாயமான கூலியை வெட்டி மிச்சம் பிடிப்பவன் ஒருவன்; அதற்கு விலை கொடுப்பவனோ வேறொருவன்.