இலை உதிராமல் நடந்த குரங்கு

மலைச்சாலை ஏறிப் போகும் ஒரு காட்டில், குழந்தைகளே, கொண்டையன் என்றொரு குரங்கு இருந்தான். அவன் தன் கூட்டத்துக்குத் தலைவன். பெருந்தீனிக்காரன்.

சாலைத் திருப்பத்தில் பேருந்துகள் சற்று நின்று போகும். பயணிகள் பஜ்ஜி, மிக்சர், சிப்ஸ் என்று எதையாவது வீசுவார்கள். தலைவன் என்பதால் கொண்டையன்தான் முதலில் சாப்பிடுவான். பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிடுவதும் அவன்தான்.

நாளாக நாளாக அவன் வயிறு உப்பியது. நெஞ்சு எரிந்தது. ஒரு கிளை ஏறினாலே மூச்சு வாங்கியது. தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும் கோபம் வந்தது. ஒருநாள் அவன் மகள் பூவரசி, அவன் கையிலிருந்த முறுக்கில் ஒரு துண்டை ஒடித்துக்கொண்டாள். கொண்டையன் அவள் காதைக் கடித்துவிட்டான்.

அவன் மனைவி செவ்வந்தி சத்தம் போடவில்லை. பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டாள்.

"நாங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் போகிறோம். உங்களுக்குச் சரியானதும் வாருங்கள். அதுவரை பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம்," என்றாள்.

கூட்டம் முழுவதும் ஓடைப் பள்ளத்தைத் தாவிக் கடந்து அவளோடு போனது. கொண்டையனும் பின்னாலேயே தாவினான். பாதியில் விழுந்தான். கீழே தண்ணீர் இருந்ததால் பிழைத்தான்.

"எனக்கும் இந்தப் பக்கம்தான் பிடிக்கும்," என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, நனைந்த வாலோடு திரும்பி வந்து ஓர் அத்திமரத்தில் உட்கார்ந்தான்.

அந்த மரத்தின் பொந்தில் முழியன் என்ற தேவாங்கு குடியிருந்தான். தேவாங்குகள் இரவில் விழித்திருக்கும், பகலில் தூங்கும். முழியனுக்குத் தூக்கத்தைவிடப் பெரிய சொத்து எதுவும் கிடையாது. இப்போதோ பகல் முழுக்கக் கொண்டையன் புலம்பினான், ஏப்பம் விட்டான், கிளையை உலுக்கினான். ஒவ்வொரு பேருந்து வரும்போதும் தடதடவென்று இறங்கினான், தடதடவென்று ஏறினான்.

முழியன் பொறுத்துப் பார்த்தான். பிறகு பொந்திலிருந்து தலையை நீட்டினான்.

"தலைவரே, உங்கள் உடம்பைச் சரிசெய்ய எனக்கு ஒரு வழி தெரியும்."

அவனுக்கு எந்த வழியும் தெரியாது.

"சொல்," என்றான் கொண்டையன்.

"சாலைத் தீனியை விடுங்கள். இந்த மரத்திலேயே பழமும் தளிரும் இருக்கின்றன. மெல்லும் சத்தம் வெளியே கேட்காதபடி மென்று விழுங்குங்கள். வயிற்றில் கொஞ்சம் இடம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்."

"நிறுத்தாவிட்டால்?"

"ஏப்பம் வரும்," என்றான் முழியன். அது உண்மைதான்.

"அவ்வளவுதானா?"

"இல்லை. மூக்குக்கு முன்னால் ஓர் இலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது அசையாதபடி மூச்சு விடுங்கள். பிறகு கையையும் காலையும் மெதுவாக நீட்டி மடக்குங்கள். கிளையில் நடக்கும்போது ஓர் இலைகூட உதிரக் கூடாது. உதிர்ந்தால் முதலிலிருந்து நடக்க வேண்டும்."

கொண்டையன் தொடங்கினான். முதல் நாள் மரத்தில் பாதி இலை உதிர்ந்தது. தலை வலித்தது. அப்போது ஒரு பேருந்து வந்து நின்றது. வெங்காய பஜ்ஜி வாசனை மேலே ஏறி வந்தது.

"இன்று ஒருநாள் மட்டும் போய்வருகிறேன்," என்றான் கொண்டையன்.

"தாராளமாகப் போங்கள். ஆனால் இலை உதிராமல் இறங்குங்கள்," என்றான் முழியன்.

கொண்டையன் மெல்ல மெல்ல இறங்கினான். அவன் கால் தரையில் படும்போது பேருந்து அடுத்த மலையில் இருந்தது. வேறு வழியின்றி மெல்ல மெல்ல ஏறி வந்தான். அதற்குள் நன்றாகப் பசித்தது. அத்திப்பழம் இனித்தது. முழியன் அதற்குள் தூங்கிவிட்டிருந்தான்.

இப்படியே நாள்கள் போயின. நெஞ்செரிச்சல் குறைந்தது. தொப்பை வற்றியது. இரவில் கண் தானாகச் செருகியது. மூக்கின் முன்னால் பிடித்த இலை அசையவில்லை.

ஒரு காலை அப்படி உட்கார்ந்திருந்தபோது பூவரசியின் காது நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் அந்த நினைவு வந்தால் கிளையை உலுக்கிக் கத்துவான். அன்று கத்தவில்லை. "நான்தான் கடித்தேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு எழுந்து, நல்ல பழமாக இரண்டைப் பறித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓடைக்குப் போனான். தாவினான். அக்கரையில் கிளை கைக்குள் வந்தது.

அவனைப் பார்த்ததும் பூவரசி தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். கொண்டையன் அவளைக் கூப்பிடவில்லை. தள்ளி உட்கார்ந்து, ஒரு பழத்தை எடுத்து மெதுவாகத் தின்றான். மற்றதைத் தன் பக்கத்தில் வைத்தான்.

வெயில் ஏறியபோது பூவரசி வந்தாள். பழத்தை எடுத்தாள். அவன் கையைப் பார்த்தாள். கை அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் வருகிறேன்," என்றாள் செவ்வந்தி.

மறுநாள் கொண்டையன் அத்திமரத்துக்கு வந்து முழியனை எழுப்பினான். "நீ பெரிய வைத்தியன். என் குடும்பத்தையே திருப்பிக் கொடுத்தாய்," என்றான்.

முழியன் கண்ணைக் கசக்கினான். "எனக்கு வைத்தியம் தெரியாது, தலைவரே. உங்கள் சத்தத்தில் தூங்க முடியவில்லை. நீங்கள் சத்தமில்லாமல் இருக்க என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் சொன்னேன்."

கொண்டையன் யோசித்தான். "முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்," என்றான்.

"அதனால்தான் சொல்லவில்லை," என்ற முழியன், பொந்துக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டான்.

நீதி: அளவாக உண்டு, அமைதியாக மூச்சு விட்டு, உடம்பை மெல்லப் பழக்கினால் உடலும் தேறும், மனமும் தெளியும், எதற்காகத் தொடங்கினோம் என்பது பெரிதில்லை.