நசுங்காத நாலு எலுமிச்சை

"செய்வினை வெச்சுட்டானுங்க அம்மிணி," என்றார் சீடர்.

"யாரு?" என்றாள் குரு.

"எங்கண்ணன்தான். வேற எவன்?"

சீடரின் பெயர் சென்னியப்பன். அறுபது வயது. மில்லில் டைம் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் மரகதம். முப்பத்தொரு வயது. சிங்காநல்லூரில் பழைய கார்களை மட்டும் பார்க்கிற மெக்கானிக். அறுபது போய் முப்பத்தொன்றிடம் பாடம் கேட்கலாமா என்றால், கேட்கலாம். அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

அவர் வீட்டு போர்ட்டிகோவில் ஒரு மோரிஸ் மைனர் நின்றது. குட்டி வண்டி. அப்பாவுடையது. பங்கு பிரித்தபோது அண்ணன் நாச்சிமுத்து பக்கம் போனது. இருபத்திரண்டு வருஷம் அண்ணன் தோட்டத்துக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. எட்டு மாசத்துக்கு முன்னால் திடீரென்று அண்ணன் ஓர் ஆளிடம் சாவியைக் கொடுத்தனுப்பினார். 'வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு.'

சென்னியப்பன் போய்க் கட்டி இழுத்து வந்தார். அண்ணன் வெளியே வரவில்லை. இவரும் உள்ளே போகவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் மரகதம் வருவாள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள். வண்டியைத் தொட மாட்டாள். வாயால் மட்டும்தான் பாடம். பிரேக், டேங்க், வயரிங், எல்லாம் அவர் கையாலேயே கழட்டி அவர் கையாலேயே மாட்டியது. இரண்டு நகம் போயே போச்சு.

இன்றைக்கு ஸ்டார்ட் செய்ய வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் செய்வினைப் புகார்.

சீடர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.

நாலு எலுமிச்சம்பழம். கறுத்து, வற்றி, கோலிக்குண்டு மாதிரி ஆகியிருந்தன. குங்குமம் ஒட்டியிருந்தது.

"கொட்டகையைத் தொறந்தப்பவே கெடந்துச்சுங்க. உங்ககிட்டச் சொன்னாச் சிரிப்பீங்கன்னு எடுத்து வெச்சுட்டேன்."

"சிரிக்கலையே."

"ஒருத்தரைக் கூட்டியாந்து கழிச்சுட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாமுங்களா?"

"அவ்வளவு பயமா?"

"பயமெல்லாம் இல்லீங்க. வண்டி ஓடியே ஆகணும். எங்கண்ணனுக்குக் கண்ணு போயிட்டிருக்குது. தீபாவளி வரைக்கும் தெரிஞ்சாப் பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அதுக்குள்ள அவன் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தோணும். ஹார்னை அமுக்கிப் புடிச்சுக்கோணும். அவன் வெளிய வந்து பாக்கோணும். நீ துருப்புடிக்க விட்டதை நான் ஓட்டறேன் பாருடான்னு."

"அதுக்குத்தான் எட்டு மாசமா?"

"அதுக்குத்தான்."

பொய் சொல்லவில்லை. அந்த வகையில் நல்ல சீடர்.

"அவன் பண்ணது கொஞ்சமா அம்மிணி? பங்கு பிரிச்சு அடுத்த வருஷமே, இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நானே நேர்ல போய்ப் பத்திரிகை வெச்சேன். வரலையே! சொந்தத் தம்பி வீடு. சமையல்காரன்கூட 'அண்ணன் எங்க'ன்னு கேட்டான். அன்னைக்கே முடிஞ்சு போச்சு. இப்பக்கூடப் பாருங்க, வண்டியைக் கொடுத்தவன் ஆர்.சி. புக்கைக் கொடுக்கலை."

"சரி. எல்லாம் மாட்டியாச்சா?"

"ஒண்ணே ஒண்ணு பாக்கி."

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கட்டைவிரல் அளவுக் கறுப்புச் சாமான்.

"ரோட்டரா? பழசா இருக்குது?"

சீடர் சிரித்தார். இத்தனை நாள் இதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தவர்.

"இதே வண்டியோடதுங்க. பங்கு பிரிச்ச அன்னைக்கு நாந்தான் கழட்டினேன். இது இல்லேன்னா ப்ளக்குக்குத் தீப்பொறி போகாது. என்ன தள்ளினாலும் ஓடாது. எங்கப்பன் வண்டியில அவன் மட்டும் ஊர் சுத்துவானா? பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். அவனுக்கு இன்னை வரைக்கும் தெரியாது. ஒருநாளாவது எடுத்து ஓட்டிப் பாத்திருந்தாத்தானே தெரியும்?"

குரு எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இது எங்க கெடந்துச்சு?"

"வண்டிக்கிட்டதான்."

"வண்டிக்கிட்ட எங்க?"

"டயருக்கு முன்னால."

"எந்த டயருக்கு?"

"நாலுக்கும். டயருக்கு ஒண்ணா..."

சென்னியப்பன் நிறுத்தினார்.

போன மாசம் பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி எடுத்தார். கற்பூரம் காட்டி, குனிந்து, டயருக்கு ஒன்றாகப் பழம் வைத்தது இவர்தான். வண்டி ஏறி நாலும் நசுங்கியதும் கை தட்டியதும் இவர்தான்.

"அது வேறங்க," என்றார். "இது வேற."

"ரோட்டர் உக்கார்ற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடி எப்படி இருந்துச்சு? கொட்டகையில நீங்க பானெட்டைத் தொறந்தப்ப?"

"தொறந்து கெடந்துச்சு."

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால, ரோட்டரைக் கழட்டினப்ப?"

"மூடி, கிளிப்பு ரெண்டையும் போட்டுட்டுத்தான் வந்தேன். இல்லேன்னாக் கண்டுபுடிச்சு..."

மறுபடி நிறுத்தினார்.

குரு எழுந்தாள். எட்டு மாசத்தில் முதல் தடவையாக வண்டியின் கதவைத் திறந்தாள்.

"இந்த டேஷ்போர்டு டப்பாவை ஏன் தொறக்கலை?"

"அதுக்குச் சாவி கொடுக்கலைங்க. அதுல என்ன, எஞ்சினா இருக்குது?"

அவள் ஸ்க்ரூடிரைவரை மூடி இடுக்கில் விட்டு ஒரே நெம்பு நெம்பினாள்.

டப்பென்று பூட்டு உடைந்தது. புதுப் பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்தது.

"ஐயோ! என்ன அம்மிணி பண்றீங்க!"

உள்ளே ஒரு மஞ்சள் துணி மூட்டை. அவள் எடுத்து அவர் கையில் வைத்தாள். பிரிக்கவில்லை. பிரிப்பது அவர் வேலை.

ஆர்.சி. புக். பெயர் மாற்றுகிற படிவம். கொடுப்பவர் நாச்சிமுத்து. பெறுபவர் சென்னியப்பன். அடியில் அண்ணனின் கோணல் கையெழுத்து. தேதி.

அதற்குக் கீழே ஒரு பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள். மேலே 'அண்ணன் அவர்களுக்கு' என்று சென்னியப்பனே எழுதியது. கிரகப்பிரவேசப் பத்திரிகை.

இரண்டிலும் ஒரே தேதி.

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.



"கெளம்பியிருக்கான்," என்றார். "இதைக் கொடுக்கறதுக்கு... பழமெல்லாம் வெச்சுக் கெளம்பியிருக்கான். ஸ்டார்ட் ஆகலை."

எழுந்து பானெட்டைப் பிடித்தார்.

"பானெட்டைத் தொறந்திருக்கான். மூடியைக் கழட்டியிருக்கான். உள்ள பாத்தா..."

தன் உள்ளங்கையைப் பார்த்தார். ரோட்டர் அங்கே இருந்தது.

"தெரியும் அம்மிணி. அன்னைக்கே அவருக்குத் தெரியும். நாந்தான்னு. ஒரு வார்த்தை கேக்கலையே! வந்து செவுளோட ஒண்ணு விட்டிருக்கலாமே!"

"மாட்டுங்க," என்றாள் குரு.

"என்னது?"

"ரோட்டரை. மாட்டுங்க."

மாட்டினார். இரண்டு தடவை கை நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுத்துத் தரவில்லை. மூன்றாவது தடவை உட்கார்ந்தது. மூடினார். கிளிப்பு இரண்டையும் போட்டார்.

அதற்குள் குரு குனிந்து, வற்றிப்போன நாலு பழத்தையும் டயருக்கு ஒன்றாக வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

சென்னியப்பன் மஞ்சள் துணி மூட்டையைப் பக்கத்து சீட்டில் வைத்தார். சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. போர்ட்டிகோ முழுக்கப் புகை.

வண்டி நகர்ந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சாறு இல்லை. ஓடு உடைகிற சத்தம்தான்.

கேட் அருகே குரு கை காட்டி நிறுத்தினாள்.

"ஐயா, எல்லாம் பாத்தாச்சு. ஹார்ன் அடிச்சுப் பாக்கலையே?"

சென்னியப்பனின் கை ஹார்ன் பக்கம் போனது. பாதியிலேயே நின்றது.

"வேண்டாமுங்க," என்றார். "அங்க போயும் அடிக்கப் போறதில்லை. சத்தம் கேட்டா அண்ணன் எந்திரிச்சு வந்துருவாரு. அவரு வாசல்ல மூணு படி இருக்குது."