மூன்று வெளியே, இரண்டு உள்ளே

மலையடிவார ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தபோது பேராசிரியர் தணிகைநாதனுக்கு வயது அறுபத்து மூன்று, ரத்த அழுத்தம் நூற்று எண்பது. குருவான மரகதம்மைக்கு நாற்பது வயதுதான். அதைக் கேட்டதும் அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

தணிகைநாதனின் மகள் சிட்னியில் பிள்ளை பெற்றிருந்தாள். பிரஷர் இறங்காமல் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பேரன் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று மனுஷனுக்கு ஒரே பயம்.

கையில் கனமான டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது.

"என்னங்க இதில்?" என்று கேட்டார் அம்மை.

"புத்தகம்" என்றார் தணிகைநாதன்.

அம்மை அவருக்கு ஒரு குடில் கொடுத்தார். உப்பில்லாக் கஞ்சி கொடுத்தார். ஒரு குச்சியும் கொடுத்தார்.

"குரங்கு வராம பாத்துக்குங்க, வாத்தியார் ஐயா."

ஒரு மாதம் ஓடியது. மாத்திரை, கஞ்சி, தியானம் எல்லாம் வேளை தவறாமல் நடந்தன. அழுத்தம் மட்டும் இம்மியும் இறங்கவில்லை. அன்று காலை கருவி நூற்று எண்பத்து நாலு காட்டியது. வந்ததே கோபம்! பெட்டியைக்கூடப் பூட்டாமல், குச்சியும் கையுமாக அம்மை முன்னால் போய் நின்றார்.

"என்னைப் பார்த்தா குரங்காட்டி மாதிரியா தெரியுது? மூணை வெளியே விரட்டினா ரெண்டு உள்ளே வருது! இதுக்கு முடிவே கிடையாதா?"

அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நாற்பது வருஷமா என்ன ஆராய்ச்சி பண்ணினீங்க?"

இது போதாதா? கோபத்தை மறந்து வகுப்பெடுக்க உட்கார்ந்துவிட்டார்.

"உடம்பில ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு சவ்வு இருக்கு அம்மை. அதில ஒரு வாசல்காரன். உப்பில இருக்கிற சோடியத்தை மூணு மூணா வெளியே தள்ளுவான். வாழைப்பழத்தில இருக்கே பொட்டாசியம், அதை ரெண்டு ரெண்டா உள்ளே இழுப்பான்."

"எப்பவாவது உட்காருவானா?"

"மூச்சு இருக்கிறவரை மாட்டான்."

"சோர்ந்து போனா?"

"வம்புதான். சோடியம் உள்ளேயே தங்கிடும். அது தங்கினா கால்சியமும் தங்கும். ரத்தக்குழாய்ச் சுவர் இறுகும், பிரஷர் ஏறும்."

"அடேயப்பா! இவ்வளவும் தெரியுமா?"

"தெரியுமாவா? புத்தகமே எழுதியிருக்கேன்!"

"அப்புறம் ஏன் உங்களுக்கு இறங்கலை?"

"அதைக் கேட்கத்தானே உங்ககிட்ட வந்தேன்!"

அம்மை அவருடைய குடிலைப் பார்த்தார். தணிகைநாதனும் திரும்பினார்.

தடித்த குரங்கு ஒன்று, அடுக்களையில் திருடிய இரண்டு வாழைப்பழங்களோடு அவர் ஜன்னல் வழியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டி மூடி டமாரென்று விழுந்த சத்தம் கேட்டது.

பேராசிரியர் துள்ளி எழுந்தார்.

குரங்கு வெளியே வந்தது. பழங்களை உள்ளேயே போட்டுவிட்டிருந்தது. இப்போது அதன் கையிலும் கக்கத்திலும் மூன்று பொட்டலங்கள். உப்புக்கடலை, காரசேவு, மாங்காய் ஊறுகாய்.

"ஐயோ, என் காரசேவு!" என்று அலறியபடி அவர் குச்சியை ஓங்கினார்.

அம்மை எட்டி அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டார்.

"விரட்டாதீங்க, வாத்தியார் ஐயா. உங்க வாசல்காரர் இன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கார்."